பாதி மங்கி நின்ற படம்

சித்தியின் கல்யாண சீடியை அப்பாவுக்கு அனுப்புவதற்கு முன் அம்மா அதைப் போட்டுப் பார்த்தாரா, இல்லையா?

இருபது வருடமாக எனக்கு இதற்கு விடை தெரியாது. விடை தெரியாமலேயே படித்து முடித்தேன், கல்யாணம் செய்தேன், ஒரு பிள்ளைக்குத் தாயானேன். போன வாரம் அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி வீட்டில், மகளின் ஐந்தாவது பிறந்தநாள் வீடியோவை போனில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தக் கேள்வி மறுபடியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இந்த முறை எழுந்து போவதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கே ஒழுங்காக வரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மஹய்யாவவில், படிகள் ஏறிப் போகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறையை அம்மாவின் தம்பியான என் மாமா பிடித்து வைத்திருந்தார். கல்யாண வீடியோ எடுப்பதுதான் அவர் தொழில். எடுத்து வந்த டேப்பை கணினியில் ஏற்றி, வெட்டி, பாட்டுச் சேர்த்து சீடியாக்கிக் கொடுப்பார். கணினியின் பெட்டியை மூடியே வைக்கமாட்டார். அதன் வயிற்றைத் திறந்து போட்டு, சூடாகாமல் இருக்க மேசை விசிறியை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருப்பார். வீட்டில் இருந்த ஒரே விசிறி அதுதான். "மெஷினுக்கு வேர்த்தா தொழில் போயிரும், நமக்கு வேர்த்தா தொடச்சுக்கலாம்" என்பார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். திரையின் அடியில் இரண்டு பட்டைகள் ஓடும். மேலே படம், கீழே பாட்டு. ஒரு படம் முடிந்து அடுத்த படம் வருகிற இடத்தில்தான் மாமாவின் வித்தை எல்லாம். புத்தகத் தாள் போலப் புரட்டுவார், நட்சத்திரமாகச் சிதறவிடுவார். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளையை வைத்து மூன்று சுற்று சுற்றுவார். அந்தச் சுற்றுக்கு ஆசைப்பட்டே சிலர் மாமாவைத் தேடி வந்தார்கள்.

எனக்குப் பிடித்தது அந்தச் சுற்று எதுவும் இல்லை. படம் கறுப்பிலிருந்து மெல்லத் தெளிந்து வந்து, கொஞ்சம் நின்று, மெல்ல மங்கிக் கறுப்புக்குள் போகும். மாமா அதை ஃபேட் என்பார். செய்வதும் சுலபம். படத்தின் இரண்டு ஓரங்களிலும் சின்ன முக்கோணங்கள் இருக்கும். முன்னால் இருப்பதை உள்ளே இழுத்தால் படம் மெல்ல வரும், பின்னால் இருப்பதை இழுத்தால் மெல்லப் போகும். எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு நேரம். இரண்டாவது வாரத்தில் அதை நானே செய்யப் பழகிவிட்டேன். மாமாவுக்குப் பெருமை. "என் மருமக கையில எலியக் குடுத்தா எங்கேயும் போயிருவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எலி என்றது கணினியின் மவுஸை.

ஆனால் அந்த ஃபேட்டை மாமா எல்லோருக்கும் போடமாட்டார். கல்யாண வீடியோ தொடங்கும்போது முதலில் பிள்ளையார் வருவார். அடுத்து, கீழே ஒரு குத்துவிளக்கு எரிய, "இவர்களின் ஆசியுடன்" என்ற எழுத்து வரும். அதற்கு மேல் அந்தக் குடும்பத்துப் படங்கள் ஒன்றிரண்டு மெல்லத் தெளிந்து மெல்ல மங்கும். அது முடிந்த பிறகுதான் சுழல்வதும் சிதறுவதும். அந்த விளக்குக்கு மேலே வருகிறவர்கள் யார் என்று மாமா எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும் என்று மாமா நினைத்திருக்க வேண்டும். நானோ, மிகவும் மரியாதைக்குரியவர்களை இப்படித்தான் காட்டுவார்கள் போல என்று என் பாட்டுக்கு முடிவு செய்து வைத்திருந்தேன்.

அந்த வருடம் சித்தியின் கல்யாணம் நடந்தது. தாத்தா அதற்கு முன்பே தவறிவிட்டார். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அக்காவும் அக்கா புருஷனும் தாய் தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்ப்பது எங்கள் வழக்கம். அந்த இடம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உரியது. அப்பா கத்தாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடி கட்டுவதற்காகப் போனவர். லீவு கிடைக்கும் என்றார், அடுத்த முறை பேசும்போது கிடைக்கலாம் என்றார், அதற்கடுத்த முறை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் தூரத்து உறவில் ஒரு பெரியப்பாவும் பெரியம்மாவும் மணவறையில் நின்றார்கள். அம்மா தாம்பாளத்தை வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றார்.

இதை நான் கல்யாண மண்டபத்தில் கவனிக்கவில்லை. எனக்குப் புதுச் சட்டையும் ஐஸ்கிரீமும் இருந்தன. கவனித்தது மாமாவின் திரையில்தான். மூன்று வாரம் அதே கல்யாணத்தை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தோம். அம்மா வருகிற இடங்களை எண்ணி வைத்திருந்தேன். மூன்றே மூன்று. மூன்றிலும் படத்தின் ஓரத்தில், ஒன்றில் பாதி முகம் மட்டும். அப்பா ஓரிடத்திலும் இல்லை. இல்லாதவர் எப்படி இருப்பார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மண்டபத்து வாசலில் படுத்திருந்த நாய்கூட நான்கு இடத்தில் வருகிறது. இந்த சீடியை அப்பாவுக்கு அனுப்பப் போகிறார்கள். இரண்டரை மணி நேரம் அதைப் பார்த்து முடித்து, தன்னை யாரும் தேடவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டால்?

அப்போதும் நான் இப்படித்தான். நடக்காததை எல்லாம் நினைத்துக் கவலைப்படுகிற பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லாம் வெட்டி முடித்து, கடைசியாக கணினி மொத்தத்தையும் கோர்த்து ஒரே படமாக்கித் தர வேண்டியதுதான் பாக்கி. அது பல மணி நேர வேலை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மாமாவுக்கு கட்டுகஸ்தோட்டையில் ஒரு சடங்கு வீடியோ இருந்தது, காத்திருக்க முடியாது. கேமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"கரண்ட் வந்ததும் மெஷினப் போடு. நான் காட்டுன பட்டன மட்டும் அமுக்கு. வேற எதையும் தொடாத. என்ன மருமகளே?"

"சரி மாமா."

நான் பொய் சொல்லும் பிள்ளை அல்ல. சொன்னபோது தொடக் கூடாது என்றுதான் நினைத்தேன். கரண்ட் வந்தது. கணினியைப் போட்டேன். தொடக்கத்தை ஒரு முறை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பிள்ளையார் வந்தார். விளக்கு எரிந்தது. தாத்தா மெல்ல வந்து மெல்லப் போனார். அடுத்தது பெரியம்மா, அம்மாவின் மூத்த அக்கா. அவரை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்தே இல்லாத பெரியம்மாவின் ஆசி இருக்கிறது, என் அப்பாவின் ஆசி இல்லை.

அப்பாவின் படம் கணினியிலேயே இருந்தது. வெளிநாடு போவதற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்தது. நீலத் திரை, வெள்ளைச் சட்டை, ஸ்டூடியோக்காரர் இரவல் கொடுத்த டை. சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை எடுத்து பெரியம்மாவுக்குப் பின்னால் வைத்தேன். முன் முக்கோணத்தை மாமா மற்றவர்களுக்கு இழுத்த அளவே இழுத்தேன். பின் முக்கோணத்தை மட்டும் நிறைய, நிறைய உள்ளே இழுத்தேன். அப்பா சீக்கிரம் போய்விடக் கூடாது என்பதற்காக.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா உண்மையிலேயே அப்படித்தான் போனார். விடிகிற நேரம், எங்கள் சந்து முழுக்கப் பனி. நாங்கள் மேல்படியில் நின்றோம். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முதலில் அவர் கால் தெரியாமல் போனது, பிறகு பை, பிறகு வெள்ளைச் சட்டை. எந்த இடத்தில் முழுதாக மறைந்தார் என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தோம், ஆள் இல்லை. திரையில் அப்பா மங்கியபோது எனக்கு அழகாகத்தான் இருந்தது, தெரிந்த இடத்துக்குப் போன மாதிரி. மாமா காட்டிய பட்டனை அமுக்கினேன்.

மாமா திரும்பி வந்து, முடிந்திருந்ததை அப்படியே சீடிகளில் ஏற்றினார். மறுபடி பார்க்கவில்லை. "பாத்துப் பாத்து எனக்கே நாலு தடவ தாலி கட்டுன மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டு வீடியோவானாலும் முதல் சீடியை அந்த வீட்டுப் பெண்களில் விவரமான ஒருவரிடம் கொடுத்துவிடுவார். யார் கொட்டாவி விட்டது, யாருடைய முந்தானை விலகியது, எந்த அத்தை வாய் நிறையச் சோற்றோடு பேசியது என்று பார்த்துச் சொன்னால் வெட்டிவிடுவார். உறவுகளுக்கு சீடி போன பிறகு வெட்ட முடியாது. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அம்மாவுடையது. புதன்கிழமை முதல் சீடியை அம்மாவிடம் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலை மாமா கேட்டார், "என்னக்கா, பாத்தீங்களா? ஏதும் வெட்டணுமா?"

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒண்ணும் வெட்ட வேணாம். சரியா இருக்கு."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கலகெதரயிலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவோடு ஒரே அறையில் இருப்பவர், லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறார். அம்மா தேயிலை, மிளகாய்த்தூள், நெத்திலி எல்லாம் கட்டி, நடுவில் சீடியை ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்தார். அவர் கொண்டுபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் விருந்து. சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஆறேழு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்ட்டியும் வந்தார். சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் டீவி முன்னால் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, பெரிய குரல் உள்ளவர், நடுக் கதிரையில். மாமா கல்யாண வீட்டுக்காரராகவும் தொழில்காரராகவும் இரட்டைப் பெருமையோடு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த ரிமோட்டின் பின்மூடி எப்போதோ தொலைந்து, பேட்டரிகளை ஒரு ரப்பர் வளையம்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையார் வந்தார். விளக்கு எரிந்தது. தாத்தா வந்தபோது சித்தி கண்ணைத் துடைத்தார். பெரியம்மா வந்தபோது, "பாவம், வயசே இல்ல" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. அடுத்து கறுப்பிலிருந்து வெள்ளைச் சட்டையும் டையுமாக என் அப்பா தெளிந்து வந்தார். நான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன், யாராவது பாராட்டுவார்கள் என்று.

"அட கடவுளே, இவரு எப்ப?" என்றார் அத்தை. "பொண்ணோட அக்கா வீட்டுக்காரருதானே இது? கத்தார்ல இருக்காருன்னுதானே சொன்னீங்க! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க கல்யாணத்தையே தள்ளி வச்சிருப்போமே!"

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "அனே, மொகத வுனே?" என்று சிங்களத்தில் என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் அம்மாவின் நெற்றிக்குப் போனது. பொட்டு இருந்தது. அங்கிருந்து கழுத்துக்குப் போனது. தாலியும் இருந்தது. அதற்குப் பிறகுதான் சிலருக்கு மூச்சு வந்தது.

மாமா பதறிப்போய் ரிமோட்டை அமுக்கினார். எதை அமுக்க நினைத்தாரோ, படம் அப்படியே நின்றுவிட்டது. நான் இழுத்துவிட்ட அந்த நீண்ட மங்கலின் சரியாக நடுவில் நின்றுவிட்டது. அப்பாவின் முகம் பாதி இருட்டில், பாதி வெளியே. மறுபடி அமுக்கினார். ரப்பர் வளையம் தெறித்தது. ஒரு பேட்டரி உருண்டு அலுமாரிக்கு அடியில் போனது. மாமா தரையில் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவினார். "எங்க போச்சு சனியன்" என்பது அலுமாரிக்குள்ளிருந்து கேட்டது. வேறு ஒரு நாள் என்றால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

விளக்குக்கு மேலே அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

அம்மா சமையலறை வாசலில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

"தம்பி, அத அப்பிடி நிப்பாட்டி வைக்காத. ஒண்ணு முழுசா வரட்டும், இல்லாட்டி முழுசா போகட்டும். இப்பிடிப் பாதியில நிக்க வைக்காத."

மாமா எழுந்து வந்து சீடி ஓடுகிற பெட்டியிலேயே பட்டனை அமுக்கினார். அப்பா மீதியும் மங்கிக் கறுப்பானார். அடுத்த நொடியில் மாப்பிள்ளை இதய வடிவத்துக்குள் சிரித்துக்கொண்டே மூன்று சுற்று சுற்றி வந்தார்.

நான்தான் செய்தேன் என்று நானே சொன்னேன். சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை. மாமாவுக்குக் கோபத்தைவிட தொழில் மானம் பெரிதாக இருந்தது. "உசுரோட இருக்கிற ஒருத்தருக்கு நான் இன்னைக்கு வரைக்கும் ஃபேட் போட்டதில்ல! ஊருக்கே தெரியும்!" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் எனக்கு அந்த விளக்கின் அர்த்தம் தெரிந்தது. நான் அழுத அழுகையில் மாப்பிள்ளையின் அத்தையே என்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்கப்பாவுக்கு ஆயுசு கூடிருச்சுடி, அழாத" என்றார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. தேத்தண்ணி போடப் போய்விட்டார். அன்றைக்கு எல்லோரும் சீனி இல்லாத தேத்தண்ணி குடித்தோம்.

மாலையில் மாமாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. "அக்கா! கத்தாருக்குப் போன சீடி!" என்று எழுந்தார். கலகெதர வீட்டுக்குப் போனில் கோல் எடுக்கலாம், கத்தாரில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லச் சொல்லலாம் என்றார். "பிளேன் ஏறிப் போனவர எங்க போய்ப் பிடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு அம்மா விளக்குமாற்றை எடுத்தார். மற்ற சீடிகளை மாமா அன்றைக்கே உடைத்துப் போட்டுப் புதிதாகச் செய்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா பேசினார். வெள்ளிதான் அங்கே லீவு நாள். அம்மா நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, என்னைய எதுக்குடா அங்க போட்ட?" என்றார் அப்பா. கோபமாக இல்லை.

"அங்கதான் அழகா வருவீங்கப்பா" என்றேன்.

அத்தோடு லைன் போய்விட்டது. கார்டில் காசு முடிந்து போன் தானாகவே வெட்டுப்பட்டது என்று அம்மா சொன்னார்.

நான்கு மாதத்தில் அப்பா வந்துவிட்டார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. மறுபடி போகவும் இல்லை. இங்கேயே பள்ளிக்கூட வான் ஓட்டினார், இன்றைக்கும் ஓட்டுகிறார். மேல்மாடி வரவில்லை. மஹய்யாவ வீட்டின் கூரைத் தட்டில் அன்றைக்கு நட்ட கம்பிகள் துருப்பிடித்து இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அம்மா அவற்றில் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார். ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று எப்போது கேட்டாலும் அப்பாவின் பதில் ஒன்றுதான்: "வெயில் தாங்கல பாப்பா." அந்த சீடியை அவர் பையில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். இப்போது கீறல் விழுந்து ஓடுவதில்லை. ஆனால் அலுமாரியில் இருக்கிறது, அதே சேலைத் துண்டில்.

ஒன்பது வயதில் எனக்கு இதில் இரண்டுதான் தெரிந்தன. நான் பெரிய பிழை செய்தேன். ஆனால் அப்பா வந்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூட்டவும் தெரியாமல் கழிக்கவும் தெரியாமல் வளர்ந்தேன். அம்மா சீடியைப் பார்த்தாரா என்ற கேள்வியை ஓரமாகவே வைத்திருந்தேன்.

அதை எடுத்து யோசித்தது கல்யாணமான பிறகுதான். விளக்கும் படங்களும் வீடியோவின் முதல் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். சீடியைப் போட்ட யாரும் அதைத் தாண்டாமல் போக முடியாது. அம்மாவுக்கு முன்னே ஓட்டும் பட்டன் எது என்றுகூடத் தெரியாது. அந்த வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது டீவிக்கு முன்னால், மிக அருகில், ஒரே ஒரு கதிரை கிடந்தது. அதை நான்தான் இழுத்துச் சுவரோரம் போட்டேன். பகலில் உட்கார்ந்து டீவி பார்க்கிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அந்த வாரம் அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. விருந்துக்குச் சாமான் வாங்க வேண்டும், மண்டபத்துப் பாத்திரங்களைத் திருப்ப வேண்டும். என் ரிப்போர்ட்டில்கூட புள்ளிகளைப் பார்க்காமல் "சரி சரி" என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறவர் அவர். மாமாவுக்கும் அப்படி ஒரு "சரி" சொல்லியிருக்கலாம். கதிரையை வேறு யாராவது போட்டிருக்கலாம். ஒருவேளை கதிரையே நானாகச் சேர்த்துக்கொண்ட ஞாபகமோ என்னவோ.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். என் மகளின் அப்பாவும் கத்தாரில்தான். இரண்டு வருட ஒப்பந்தம், இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அம்பிட்டியவிலேயே வீடு கட்ட ஒரு துண்டுக் காணி வாங்கும் எண்ணம். பிறந்தநாளுக்கு லீவு கிடைக்கும் என்றார், பிறகு கிடைக்கலாம் என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேக் வெட்டும்போது போனில் வந்தார். அந்தக் காலம் போல இல்லை, தினமும் முகம் பார்க்கலாம். ஆனால் மகள் மெழுகுதிரியை ஊதுகிற நேரம் பார்த்து அவர் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றுவிட்டது. நாங்கள் அந்த முகத்துக்குக் கேக் ஊட்டிப் படம் எடுத்துக்கொண்டோம்.

வீடியோவில் அப்பாவும் இருக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம். அவருடைய நல்ல படம் ஒன்றை எடுத்துக் கடைசியில் வைத்தேன். இந்தக் காலத்துச் செயலிகள் கேட்காமலே எல்லாம் செய்கின்றன. முக்கோணத்தை யாரும் இழுக்க வேண்டியதில்லை. படம் தானாகத் தெளிந்து வந்தது, தானாக மங்கத் தொடங்கியது.

"அம்மா, அப்பா ஏன் இருட்டாகுறாரு?" என்றாள்.

உடனே நிறுத்தினேன். நின்றது பாதியில்.

மறுநாள் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "அம்மா, அன்னைக்கு அந்த சீடிய நீங்க மொதல்லயே போட்டுப் பாத்தீங்களா?"

"எந்த சீடி?"

"சித்தி கல்யாண சீடிம்மா. அப்பாவுக்கு அனுப்பினது."

"புள்ள சாப்பிட்டாளா?" என்றார். சாப்பிட்டாள் என்றேன். "அவளுக்கு அப்பா ஞாபகம் வந்தா அழ விடு, அடக்காத" என்றார். உடனேயே, "அடுப்புல சோறு கொதிக்குது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அப்போது மாலை நான்கு மணி. அம்மா அந்த நேரத்தில் சோறு ஆக்கி நான் பார்த்ததில்லை.

பாதியில் நிக்க வைக்காதே என்று அம்மா சொன்னது டீவியைப் பற்றி என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வீடியோ இன்னும் என் போனில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அவருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். படத்தை எடுத்துவிட்டால் மகள் கேட்பாள். மங்கலை எடுத்துவிட்டு, நட்சத்திரமோ இதயமோ போட்டுச் சிரிப்பாக முடித்துவிடலாம், அதுதான் பொறுப்பான பெண் செய்கிற காரியம். அவர் அங்கே நிம்மதியாக வேலை பார்ப்பார், காணியும் வரும். கை அதற்குத்தான் போகிறது, போய்த் திரும்பி வருகிறது. மங்க விட்டு அனுப்பினால், அதைப் பார்த்து அவர் பெட்டியைக் கட்டிவிட்டால், அந்தக் காணி இல்லாமல் போனது என்னால்தான். கட்டாமல், "நல்லா இருக்கு" என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டால்? அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இதை வாசிக்கிறவர்களில் வெளிநாட்டில் கணவர் இருக்கிற பெண்கள் இருப்பீர்கள், அங்கே இருந்து இப்படிப்பட்ட வீடியோக்களை வாங்கிப் பார்த்த ஆண்களும் இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். கடைசியில் அவர் படத்தை நான் என்ன செய்யட்டும்? முழுசாக நிற்க விடட்டுமா, மங்க விடட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள்.